வணக்கம் வைக்கும் பேனல்

சூரியன் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரிதான் நகரும். அதன் பின்னாலேயே திரும்புகிற சோலார் பேனலும் அந்த வேகத்தில்தான் திரும்ப வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் நகர்வதே தெரியாது. ஆனால் எங்கள் கல்லூரியில் புராஜெக்ட் ரிவியூ என்பது ஒரு அணிக்கு ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒன்றே முக்கால் டிகிரி நகரும் பொருளைக் காட்டினால், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "இது ஓடுதா?" என்று கேட்பார். அதற்கு முந்தின வருஷம் ஓர் அணியை அப்படிக் கேட்டார். அவர்கள் இன்னும் அரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் புரோகிராமில் ஒரு வணக்கம் வைத்தேன்.

பேனலின் மேல் விளிம்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. அதற்குள் வெளிச்சத்தை உணரும் நாலு சென்சார், நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு தடுப்பு. எந்தப் பக்கச் சென்சாருக்கு வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி மைக்ரோகன்ட்ரோலர் மோட்டாருக்கு உத்தரவு போடும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சேர்த்தது வேறு. மோட்டாருக்குக் கரண்ட் வந்த பிறகு முதல் தடவை பலமான வெளிச்சம் பட்டதும், பேனல் கிழக்குக் கோடிவரை ஒரு வீச்சு, மேற்குக் கோடிவரை ஒரு வீச்சு வீசி, தலையைக் குனிந்து நிமிர்ந்து, அப்புறம்தான் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும். எக்ஸாமினர் டார்ச் அடித்தார். பேனல் வணக்கம் வைத்தது. அவரும் பழக்க தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

மார்க் வாங்கிய பொருளை லேப் மூலையில் போட்டுவிடுவதுதான் முறை. வித்யாஸ்ரீ விடவில்லை. மூன்று பேர் கொண்ட எங்கள் அணியில் வேலை செய்தவள் அவள். பேசியவன் நான். சாமான் வாங்கியவன் தவ்ஹீத். அவன் அப்பாவுக்கு முள்ளுக்குறிச்சியில் பைப் கடை. அந்தக் கடைக்கு வந்துபோகும் தனபால் அண்ணனுக்கு மலைமேல் அரியூர் நாடு என்ற ஊரில் மரவள்ளிக் காடும் மிளகு நாற்றும் இருந்தன. ஓடைத் தண்ணீரை நாற்றுக்கு ஏற்ற ஒரு சின்ன மோட்டார் ஓட வேண்டும். ஆனி மாதம் பேனலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காட்டில் நட்டோம்.

"அந்த வணக்கத்தை எடுத்துடு," என்று அன்றைக்கே வித்யாஸ்ரீ சொன்னாள். "இங்க அடிக்கிற காத்துக்கு அந்த வீச்சு வீசினா போல்ட்டு எல்லாம் கழண்டுடும். நூல் நூலா நகர்றதுக்குப் புதுசா எழுதி உன் லேப்டாப்புல போட்டிருக்கேன். அதை ஏத்து."

மழை தூற ஆரம்பித்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிடம். புரோகிராம் ஏற்றும் கேபிளைப் பைக்குள் தேட வேண்டும். நான் தேடவில்லை. கன்ட்ரோல் டப்பாவின் மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் எம்-சீல் அப்பினேன். அப்பிவிட்டு, "ஏத்தியாச்சு," என்றேன்.

ஆவணிக் கடைசியில் தனபால் அண்ணன் போன் செய்தார்.

"ஏனுங்க சாமி, உங்க தட்டு ஒன்றரை மாசமாத் திரும்பறதில்லீங்க. கிழக்காலயே பாத்துக்கிட்டு நிக்குது. கோவிச்சுக்கிட்டாப்பல இருக்குது."

சனிக்கிழமை கிளம்பினோம். தவ்ஹீத் தனக்கு வாசலூர்பட்டி படகுத்துறையில் ஆய்வுப் பணி இருக்கிறது என்று சொல்லி வழியிலேயே இறங்கிக்கொண்டான். நானும் வித்யாஸ்ரீயும் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. மேகம் இறங்கி மரவள்ளிச் செடிகளை மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் இருந்தவையெல்லாம் யூகம்தான். சட்டைக்குள் குளிர் ஏறியது.

பேனல் இடுப்பளவு இரும்பு ஸ்டாண்டில் நின்றது. ஆடு வந்து உரசாமல் இருக்க ஸ்டாண்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருந்தார் தனபால் அண்ணன். ஓர் ஆள் படுத்து நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருந்தது. வித்யாஸ்ரீ மல்லாக்கப் படுத்து, லாரிக்கு அடியில் போகும் மெக்கானிக் மாதிரி நுழைந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. சனிக்கிழமை, மலை உச்சி, பேனலுக்கு அடி என்று எதுவும் அதற்கு விலக்கு இல்லை.

"மோட்டார் ஒயரை எலி கடிச்சிருக்கு," என்றாள் உள்ளேயிருந்து. "அவ்வளவுதான்."

மேலே இருட்டு. கையை உயர்த்தித் தடவித் தடவியே ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினாள். ஐந்து நிமிட வேலை. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பேனல் அசையவில்லை. சூரியனே இல்லாதபோது அது எதற்கு அசைய வேண்டும். எல்லாம் சரி என்று தனபால் அண்ணன் வெற்றிலையை மடித்தார்.

சுற்றிய டேப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வித்யாஸ்ரீ போனில் டார்ச் அடித்தாள்.

வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"தரணி." என்னைக் கூப்பிட்ட குரல் மிகவும் சின்னதாக வந்தது. "கிட்ட வராத. கால் வைக்கறதை மெதுவா வை. அண்ணனைக் குனிஞ்சு பாக்கச் சொல்லு."

தனபால் அண்ணன் நாலடி தள்ளியே குனிந்தார். பார்த்தார். வெற்றிலையைப் போடாமலே மடியில் செருகிக்கொண்டார்.

"கதண்டு," என்றார்.

நானும் பார்த்தேன். பேனலின் முதுகில், மோட்டாருக்கு அந்தப் பக்கம், தேங்காய் அளவில் மண் நிறத்தில் ஒரு கூடு. கீழே விரல் நுழையும் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நாலைந்து கதண்டு, குளவியிலேயே பெரிய ஜாதி, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், குளிரில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பேனல் திரும்பாமல் நின்ற ஒன்றரை மாதத்தில் கட்டியிருக்கின்றன. அவள் சுற்றிய டேப்புக்கும் கூட்டுக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. அவ்வளவு நேரமும் அவள் கை அங்கேதான் இருந்தது.

"கொட்டுமா?" என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மட்டமான கேள்வி என்று தெரிந்தது.

"போன ஐப்பசியில கீழ்க்காட்டுல ஒரு ஆளுங்க. ஏழு கொட்டு. ரோட்டுக்குத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள..." அவர் கூட்டை இன்னொரு தடவை பார்த்தார். "குளுருல மந்தமாக் கெடக்குது. ஸ்டாண்டு அதிராத வரைக்கும் ஒண்ணுஞ் செய்யாது. கண்ணு, அசையாதீங்க."

"அசையல," என்றாள் வித்யாஸ்ரீ.

மோட்டார் ஓடாமல் இருக்க, சுற்றிய டேப்பைத் திரும்பப் பிரிக்கலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவளே பதில் சொன்னாள்.

"தெரியாம அங்க கைய வெச்சுட்டேன். இப்ப தெரிஞ்சே வைக்க மாட்டேன். டேப்பை இழுத்தா பேனலே ஆடும்."

மிச்ச ஒயர் எல்லாம் இரும்பு பைப்புக்குள் ஓடின. ஒயர் வெளியே தெரியாமல் இருந்தால் நேர்த்திக்கு ஐந்து மார்க் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேட்டரியும் மைக்ரோகன்ட்ரோலரும் எம்-சீல் அப்பிய டப்பாவுக்குள் கல்லாகிக் கிடந்தன. உளியும் சுத்தியலும் இல்லாமல் திறக்க முடியாது. வெளியில் ஒரு சுவிட்ச் வைப்பதாக ரிப்போர்ட்டில் படம் வரைந்திருந்தோம். படம் நன்றாக இருந்தது.

அப்போது அவள் வயிற்றின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது.

அந்த ஸ்டாண்டுக்கு அடியில் அது மாவு மில் மாதிரி கேட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கதண்டு இறக்கையைப் பிரித்தது. வித்யாஸ்ரீ போனை இரண்டு கையாலும் வயிற்றோடு அமுக்கினாள். பிறகு மெல்லக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"மச்சி, அன்னாசி கிலோ நாப்பதுங்கறான், வாங்கட்டுமா?" தவ்ஹீத்தின் குரல் எனக்கே கேட்டது.

"தவ்ஹீத், நான் சொல்றதை மட்டும் கேளு," என்று அவள் முணுமுணுத்தாள். "கதண்டு கூட்டுக்கு அடியில படுத்திருக்கேன். தீயணைப்பு வண்டியக் கூட்டிட்டு வா. திரும்பக் கூப்பிடாத."

"விளையாடறியா?" என்றான்.

"போனை வை."

வைத்துவிட்டான். வண்டி செம்மேட்டிலிருந்து இந்தக் காட்டுப் பாதைக்கு வந்துசேர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று தனபால் அண்ணன் கணக்குச் சொன்னார். வித்யாஸ்ரீ மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள்.

"சரி. அவசரமில்ல," என்றாள். "ஐ.டி. கார்டு கயிறு மேல ஒரு போல்ட்டுல மாட்டியிருக்கு. அதை எடுத்துட்டு, இஞ்ச் இஞ்சா வெளிய நகர்ந்து வாரேன். மேகம் விலகி வெயில் வந்தாலும் பரவால்ல. பேனல் நூல் நூலாத்தானே நகரும். அதுங்களுக்குத் தெரியவே தெரியாது."

நான் மேலே பார்த்தேன்.

தலைக்கு மேலே வெள்ளை மெலிந்துகொண்டிருந்தது. பத்தடி வரைக்கும் தெரிந்த மரவள்ளி இப்போது இருபதடி வரைக்கும் தெரிந்தது. மேகத்துக்குள் சூரியன் இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு வட்டம் வந்திருந்தது.

"என்னடா, பதிலே காணோம்?"

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேகம் இன்னும் அரைமணி நின்றால் அவள் வெளியே வந்துவிடுவாள். பிறகு கேபிளை எடுத்து ரகசியமாக மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. நாலு விநாடி இருக்கும். அந்த நாலு விநாடியைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"வித்யா, உள்ள இருக்கறது பழைய புரோகிராம்," என்றேன். "வணக்கம் வைக்கறது."

"ஏத்தியாச்சுன்ன."

"ஏத்தல."

அவள் திட்டவில்லை. திட்டினால் ஸ்டாண்டு அதிரும். அவள் வயிறு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. முன்பைவிட வேகமாக.

"என்னங்க சாமி, என்ன வணக்கம்?" என்றார் தனபால் அண்ணன்.

"வெயில் பட்டதும் இந்தத் தட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் வீசி ஆடுங்ணா."

அவர் என்னைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "எதுக்குங்க அப்படி?"

"மார்க்குக்குங்ணா."

அவர் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டியதாகத் தெரியவில்லை.

நான் சட்டைக்கு மேல் போட்டிருந்த கறுப்பு ஜெர்கினைக் கழற்றினேன். சென்சார் மேல் போட்டு மூடிவிட்டால் வெயிலே தெரியாதல்லவா.

"என்ன பண்ற?" வலைக்குள்ளிருந்து என் கால் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"சென்சாரை மூடறேன்."

"இருட்டாயிட்டா அது ராத்திரின்னு நெனச்சுக் காலைக்குத் தயாராகும். இப்பவே கிழக்க பாத்துத்தானே நிக்குதுன்னு நெனைக்காத, தயாராகறதுக்கு முன்னாடி ரெண்டு கோடியும் போய்த் தொட்டுட்டு வரும். அதையும் நீதான் எழுதின."

நான்தான் எழுதினேன். ஜெர்கின் கையிலேயே நின்றது.

"மேகம் இருக்கறப்ப ஏன் அசையல?" அவள் தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினாள். "நாலு சென்சாருக்கும் ஒரே அளவு வெளிச்சம். அதான். மேகம் போனா நாமளே ஒரு மேகம் வைக்கணும். வெள்ளைத் துணி. பெருசா, மெல்லிசா. சென்சாருக்கு மேல விரிச்சுப் பிடிங்க. நிழல் ஒரு பக்கமா விழக் கூடாது."

காட்டுக்குள் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது என்று நான் சுற்றிப் பார்த்தேன். தனபால் அண்ணன் அவிழ்க்கவே ஆரம்பித்திருந்தார். எட்டு முழ வேட்டி. கோடு போட்ட டிராயரோடு நின்று, அதை ஒரு நகைக்கடைக்காரர் மாதிரி கவனமாகப் பிரித்தார். மிளகு பறிக்க வைத்திருந்த இரண்டு நீள மூங்கிலை எடுத்து வந்து, வேட்டியின் இரு முனைகளையும் அவற்றில் கட்டினோம். நான் கிழக்கே, அவர் மேற்கே. பேனலிலிருந்து ஆளுக்கு ஆறடி. மூங்கிலைத் தூக்கினோம். வேட்டி பந்தல் மாதிரி பேனலுக்கு மேல் நின்றது.

வெயில் வந்தது.

ஒரே அடியாக வந்தது. மரவள்ளி இலையெல்லாம் பச்சையாயின. என் கழுத்தில் சூடு விழுந்தது. பேனல் அசையவில்லை. வேட்டிக்கு அடியில் வெள்ளையாக, சமமாக, போன நிமிடத்து மேகம் அப்படியே இருந்தது.

"வெயில் வந்துருச்சு," என்றேன். "அசையல. நீ வா."

"அஞ்சு விநாடி ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. சென்சார்களுக்கு இடையே வித்தியாசம் ஐந்து விநாடி தொடர்ந்து நின்றால்தான் மோட்டார் ஓடும். பறவை குறுக்கே பறந்தால் ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்தது. மொத்தப் புரோகிராமில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை.

காற்று அடித்தது. வேட்டியின் ஓரம் சுருண்டு மேலே ஏறியது. சென்சார் டப்பாவின் பாதியில் வெயில் விழுந்தது.

"ஒண்ணு," என்று எண்ணினேன். "ரெண்டு. அண்ணா, உங்க பக்கம் இறக்குங்க. மூணு."

அவர் இறக்கினார். நிழல் மூடியது.

கதண்டுகளுக்குச் சூடு தெரிந்துவிட்டது. ஓட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. பறக்கவில்லை, நடந்தன. வித்யாஸ்ரீ கயிற்றைப் போல்ட்டிலிருந்து எடுக்க முயலவில்லை. கழுத்தை மெல்லத் தூக்கித் தலை வழியாகக் கழற்றினாள். அட்டை அந்தரத்தில் தொங்கியது. ஒரு கதண்டு பேனலிலிருந்து கயிறு வழியாக இறங்கி, அட்டையில் இருந்த அவள் போட்டோவின் நெற்றியில் உட்கார்ந்தது. அவளுடைய உண்மையான நெற்றி அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. வேர்வை வழிந்து காதுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அவள் துடைக்கவில்லை.

கால் முதலில் வெளியே வந்தது. பிறகு முழங்கால். இஞ்ச் இஞ்சாக. வலையில் சுடிதாரின் ஓரம் சிக்கியது. அவள் நகர்வதை நிறுத்தினாள். மறுபடி காற்று.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

நாலில் மூடினோம். என் தோள் பிசகிய மாதிரி வலித்தது. மூங்கில் நுனி ஆடியது. எதிரில் தனபால் அண்ணனின் உதடு ஓயாமல் அசைந்தது. எந்தச் சாமி என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

துணி கிழிபடும் சத்தம் கேட்டது. வித்யாஸ்ரீ சுடிதாரை விட்டுவிட்டு இடுப்பை இழுத்தாள். தோள். தலை. வெளியே. எழுந்து நிற்கவில்லை. முழங்கையால் ஊர்ந்து வரப்பைத் தாண்டி, முப்பதடி தள்ளியிருந்த தகரக் கொட்டகைக்குள் போனாள். தண்ணீர் மோட்டார் இருக்கும் இடம். கதவை மூடவில்லை, அது ஒரு கையளவு திறந்து நின்றது.

அவள் தப்பித்துவிட்டாள். நாங்கள் மூங்கிலோடு நின்றோம்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. விட்டால் ஐந்து விநாடி. முப்பதடிக்கு ஐந்து விநாடி போதும், டிராயர் போட்ட ஐம்பது வயது ஆள் சேற்று வரப்பில் ஓடவில்லை என்றால்.

"நீங்க போங்க சாமி," என்றார். "நான் புடிச்சுக்கறேன்."

"ஒரு ஆளு ரெண்டு மூங்கிலைப் பிடிக்க முடியாதுங்ணா."

"அப்ப மண்ணுல நட்டுட்டுப் போலாம். நேத்துப் பேஞ்ச மழைக்கு நல்லா எறங்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் மூங்கிலை மரவள்ளிப் பாத்தியில் குத்தி இறக்கினோம். இறங்கியது. கையை எடுத்தோம். நின்றது. பின்பக்கமாகவே ஓரடி வைத்தேன். இன்னோரடி. அவர் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். கொட்டகைக்குப் பத்தடி இருக்கும்போது அவர் பக்கத்து மூங்கில், யாரும் தொடாமலே, நின்று நிதானமாகச் சாய்ந்தது.

வேட்டி பேனலின் பாதியை மூடி விழுந்தது. மறுபாதியில் முழு வெயில்.

நான் எண்ணவில்லை. தனபால் அண்ணனை முன்னால் தள்ளினேன். அவர் வழுக்கினார், எழுந்தார், கதவுக்குள் போனார். எனக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சுத்தமான, சீரான சத்தம். கிழக்குக் கோடிக்கு ஒரு வீச்சு. பிறகு மேற்கே. அதற்கு மேல் மோட்டார் சத்தம் கேட்கவில்லை, வேறு சத்தம் அதை மூடிவிட்டது.

கழுத்தில் முதல் கொட்டு விழுந்தபோது யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது அதன் பக்கத்திலேயே. மூன்றாவது காதில். ஒரு கை என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. தகரக் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே மூன்று பேர், ஒரு தண்ணீர் மோட்டார், கதவிடுக்கில் வந்த ஒரு கோடு வெளிச்சம். வித்யாஸ்ரீ தன் துப்பட்டாவை அந்த இடுக்கில் திணித்தாள். வெளியே தகரத்தின் மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி டக் டக்கென்று மோதின.

"எத்தனை?" என்றாள்.

"மூணு."

"எனக்கு ஒண்ணுங்க, தொடையில," என்றார் தனபால் அண்ணன். "வேட்டி இருந்திருந்தாத் துணியோட போயிருக்கும்."

அவள் போன் வெளிச்சத்தில் என் கழுத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கழுத்து எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. காதின் எடை கூடிக்கொண்டே போனது.

"பேசு," என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. தொண்டை வீங்குதான்னு தெரியணும். குரல் மாறினா கதவைத் திறந்து உன்னை ரோட்டுக்கு இழுத்துட்டு ஓடணும், அதுங்க இருந்தாலும் சரி. அதனால நிறுத்தாமப் பேசு. வேற என்னென்ன பொய் சொல்லியிருக்க?"

முதல் செமஸ்டரிலிருந்து ஆரம்பித்தேன். பிசிக்ஸ் லேப் ரீடிங். அவள் பெயரில் நான் போட்ட மூன்று கையெழுத்து. ரிப்போர்ட்டில் முப்பத்தெட்டு சதவீதம் கூடுதல் மின்சாரம் என்று எழுதியதற்கு எந்த அளவும் எடுக்கவில்லை, முப்பத்தெட்டு என்பது நான் போட்டிருந்த பேன்ட்டின் சைஸ். தனபால் அண்ணன் இருட்டில் "அட சாமி" என்றார். அவளுக்கு ஜுரம் வந்தபோது நோட்ஸ் அனுப்பினேன் என்று சொல்லி அனுப்பாதது. அவள் அப்பாவிடம் நான் வகுப்பில் இரண்டாவது ராங்க் என்று சொன்னது. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். விரல் என் மணிக்கட்டில் இருந்தது. தகரத்தில் மோதும் சத்தம் குறைந்து, மறுபடி கூடியது.

ஒருகட்டத்தில் தீர்ந்துவிட்டது. நானே எதிர்பார்க்கவில்லை.

"அவ்வளவுதான்," என்றேன். 'தான்' கொஞ்சம் தடித்து வந்தது. எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது, விரல் இறுகியது.

வண்டிச் சத்தம் இன்னும் இல்லை.

"முதல்ல இருந்து திரும்பச் சொல்லு," என்றாள். "மாறுதான்னு பாக்கறேன்."

நான் எச்சில் விழுங்கிப் பார்த்தேன். கஷ்டப்பட்டு இறங்கியது. பிசிக்ஸ் லேப் ரீடிங், என்று ஆரம்பித்தேன்.